பொய்க்காரப் பெட்டி

'தண்ணீர் பம்ப் பழுது' என்று பெட்டியின் திரையில் சிவப்பு எழுத்து ஓடியது. மெக்கானிக் குழாயைத் திறந்து பார்த்தான். தண்ணீர் ஜம்மென்று கொட்டியது.

"புளுகுணிப் பெட்டி!"

கப்பலில் எது கெட்டாலும் காட்டுவதற்கென்று வைத்த பெட்டி அது. கப்பலோ, காலத்தில் முன்னும் பின்னும் போய் வருகிற கப்பல். உள்ளே இருந்தவர்கள் கேப்டன், மெக்கானிக், சமையல்காரன், அவ்வளவுதான். சமையல்காரன் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி.

கேப்டன் எட்டிப் பார்த்தார். "இன்னொரு கோளாறு வந்துச்சுன்னா அடுத்த நிறுத்தத்துலயே உன்னை இறக்கி விட்டுருவேன்."

அடுத்த நிறுத்தம், அவன் மனைவி பிறப்பதற்கு இருநூறு வருஷம் முன்னால். அங்கே இறங்கினால் இந்த ஜென்மத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக் பம்பைக் கழற்றினான். திரும்ப மாட்டும்போது வாஷர் கிழிந்தது. தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"அத்தான், அந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னா..." என்று ஆரம்பித்தான் சமையல்காரன். சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ போய் அடுப்பைப் பாரு, மச்சான்!"

பெட்டி, 'அடுப்பு பழுது' என்றது. அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா, மறுபடியும் புளுகு!" என்றவன், அடுப்பை அணைத்து, அதன் குழாயில் இருந்த வாஷரைப் பிடுங்கிப் பம்பில் போட்டான். ஒழுகல் நிற்கவில்லை. அடுப்புதான் நின்றுபோனது.

"அத்தான், ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"சும்மா இருடா!"

இப்போது பெட்டி, 'பெட்டி பழுது' என்று காட்டியது. மெக்கானிக் துள்ளிக் குதித்தான்.

"கேப்டன், அதுவே ஒத்துக்கிச்சு! இதைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்!"

ஈரக் கையோடு மூடியைத் திறந்தான். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. திரை அணைந்தது.

கேப்டன் நேரே கப்பலை நிறுத்தப் போனார்.

மெக்கானிக் நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பொய் பொய்யாச் சொல்லியே என் பொழப்பைக் கெடுத்துடுச்சே, மச்சான்."

"அது பொய்யே சொல்லல, அத்தான். நடக்கப் போறதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடும், அவ்வளவுதான். காலையிலயே 'மெக்கானிக் இருக்கை காலி'ன்னு காட்டிச்சு, அதான் நான் இன்னைக்கு ரெண்டு பேருக்கு மட்டும் சமைச்சேன்."