ஐயா கேம்ப் போயிருக்காரு

எங்கள் மலையில், புதூர்நாட்டில் செல்போன் டவர் நட்டார்கள். நட்ட மாசமே அதன் உச்சியில் மலைத்தேனீ அடை கட்டியது. பல்பு மாட்ட ஏறிய ஆள் பாதியில் பக்கத்துப் பலாமரத்துக்குத் தாவி, இறங்க மாட்டேன் என்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம்தான் இது நடந்தது. சாமை கதிர் பிடித்த சமயம். தேதியெல்லாம் என்னைக் கேட்கக் கூடாது. நான் பஞ்சர் கடைக்காரன். டயரில் அச்சடித்திருக்கிற நம்பரைத் தவிர வேறு எதையும் எனக்குப் படிக்க வராது.

சர்க்கார் ஆபீசுக்கு மனுவோடு போனவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். கட்டில், அடுப்பு, குளிக்கத் தண்ணீர், மேலே பரண் சகிதமாகப் போனவன் இந்தப் பூமியிலேயே ஒருத்தன்தான். அவன் பெயர் டார்ப்பாய்.

அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அது ரேஷன் கடைக்காரருக்கே மறந்துவிட்டது. அவன் கல்யாணத்தன்று சரியாக முகூர்த்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகியது. மாப்பிள்ளை எழுந்து போய், புளி மூட்டை மேல் போர்த்தும் நீல டார்ப்பாயை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்து தாலி கட்டினான். போட்டோவில் இன்றைக்கும் பாருங்கள், பொண்ணு பக்கத்தில் ஒரு நீல மூட்டை இருக்கும். பொண்ணு எனக்குத் தூரத்து அண்ணன் மகள். அப்படித்தான் அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மாமா.

அவனிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. சீசனுக்குப் புளி, பலாப்பழம், சாமை ஏற்றிக் கீழே கொண்டுபோவான். ஒரே மகள் செல்வி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சு படிப்புக்குக் கணியம்பாடி தாண்டி ஒரு காலேஜில் இடம் வாங்கியிருந்தாள். சாதிச் சான்றிதழைக் காட்டினால்தான் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழுக்குக் கீழே ஒரு ஆபீசரின் கையெழுத்து வேண்டும். விசாரணையெல்லாம் முடிந்துவிட்டது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. டார்ப்பாய் ஒன்பது தடவை மலை இறங்கிப் போனான். ஒன்பது தடவையும் அங்கே இருந்த கிளார்க் தலை நிமிராமல் ஒரே பதில்தான் சொன்னார்.

"ஐயா கேம்ப் போயிருக்காரு."

ஒன்பதாவது தடவை திரும்பி வந்த அன்றைக்குத்தான் பெங்களூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் பெரிய பிக்கப்பில் வந்து ஓடை மணலில் மாட்டிக்கொண்டார்கள். டார்ப்பாய் தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்துவிட்டான். இழுத்துவிட்டுச் சும்மா இருந்தானா? அந்த வண்டி மேலே ஏறி, உள்ளே புகுந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கூரை மேல் விரிக்கிற கூடாரம், அதற்கு ஏணி, பின்னால் இழுப்பறை, அதில் அடுப்பு, பக்கவாட்டில் தண்ணீர்க் குழாய், விளக்குக்குத் தனி பேட்டரி. நானும் கூடவே நின்றிருந்தேன்.

"இதெல்லாம் இன்னாத்துக்குங்க?" என்றான்.

"கேம்ப் போறோங்க," என்றார் பெங்களூர்க்காரர்.

டார்ப்பாய் முகம் மாறியது. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, கேட்டியா? கேம்ப்னா இதுதானாம். அப்போ நம்ம ஆபீசரு ஒன்பது வாட்டியும் எங்கனா ஏணி போட்டு ஏறிப் படுத்துனு இருந்துருக்காரு."

"டேய், ஆபீசரு கேம்ப் வேறடா. ஊர் ஊரா போயி வேல பாக்கறது."

"நீ பாத்தியா?"

நான் பார்த்ததில்லை. எங்கள் ஊருக்கு அவர் வந்திருந்தால்தானே.

"சரி," என்றான். "அவரு கேம்ப் போனா நானும் கேம்ப் போறேன். அவரு வூட்டுக்குப் போற வரைக்கும் நானும் போறதில்ல."

மறுநாள் காலையில் பிக்கப் என் கடை வாசலில் நின்றது. பஞ்சர் ஒட்டுகிற இடம்தான் என்றாலும் என்னிடம் ஒரு வெல்டிங் மிஷினும் உண்டு. நாலு நாள் எனக்குச் சோறு தண்ணி இல்லை. முதலில் பின்பக்கம் பாரம் தாங்க வில்லுப்பட்டையில் கூட ஒரு பட்டை சொருகினோம். பலாப்பலகையில் கட்டில் போட்டோம். யாரோ தூக்கிப்போட்ட இரும்பு பீரோவின் இழுப்பறை இரண்டைக் கட்டிலுக்கு அடியில் பொருத்தி, ஒன்றில் அடுப்பு, ஒன்றில் சாமையரிசி. பின்கதவை இறக்கினால் மேசை. பழைய போர்வெல் பிளாஸ்டிக் பைப்புக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக் கூரை ஓரத்தில் கட்டி, முனையில் குழாய் வைத்தான். வெயிலில் நின்றால் தண்ணீர் தானாகச் சூடாகும் என்றான். ஆகவும் செய்தது. முதலில் குளித்த நான் வெந்துபோனேன்.

கூடாரம்தான் கிடைக்கவில்லை. டார்ப்பாய் காட்டுப் பக்கம் போய், பன்றிக் காவலுக்குப் படுக்கிற தன் பரணையே பிரித்துக் கொண்டுவந்தான்.

"இது நம்ம பரண்தானே மாமா. அவங்க இத லட்ச ரூபா குடுத்து வாங்கிக்கினு ஊர் ஊரா சுத்தறாங்க. அங்க நாலு காலு, இங்க நாலு டயரு."

பீரோ இழுப்பறை வந்த இடத்தில் ஸ்டெப்னிக்கு இடமில்லை. ஸ்டெப்னியைக் கழற்றி என் கடையில் சாய்த்து வைத்தான். அதிலும் பஞ்சர் இருந்தது.

"ஸ்டெப்னி இல்லாம மல எறங்குவியாடா?"

"எறங்குறதுக்கு எதுக்கு மாமா ஸ்டெப்னி? ஏறும்போது பாத்துக்கலாம்."

கடைசியில் பக்கவாட்டுப் பலகையில் சிவப்பு பெயிண்டில் பெரிசாக ஒரே வார்த்தை செல்வியை எழுத வைத்தான். கேம்ப்.

அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இல்லை, சரியாக்கியது. பட்டணத்தில் கேம்ப் என்றால் என்னவோ, எங்கள் மலையில் கேம்ப் என்றால் கண் கேம்ப், பட்டா கேம்ப், மனு கேம்ப். நானும் அவனும் செல்வியும் திங்கட்கிழமை கிளம்பினோம். முதல் ஊர் தாண்டுவதற்குள் ஒரு கிழவி வண்டியை மறித்து நின்றுகொண்டாள்.

"கண்ணு பாருப்பா."

"ஆத்தா, இது அந்த கேம்ப் இல்ல."

"எழுதிக்குதுன்னு பேரன் சொன்னானே. பாக்க மாட்டன்னா சொல்லு, நான் இப்பிடியே வண்டி முன்னால படுத்துக்கறேன்."

டார்ப்பாய் இறங்கி, அவள் இமையை விரித்து, ரொம்ப நேரம் பார்த்தான்.

"ரெண்டும் கீது ஆத்தா."

கிழவிக்குத் திருப்தி. முதியோர் பென்ஷன் மனுவையும் கையில் திணித்துவிட்டாள். அடுத்த ஊரில் பட்டாவுக்கு நாலு மனு. அதற்கடுத்த ஊரில் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பாலம் வேண்டும் என்று ஊரே கைநாட்டு வைத்த ஒரு தாள். இல்லை இல்லை என்று சொல்லி வாய் ஓய்ந்து, எல்லாவற்றையும் வாங்கி இழுப்பறையில் சாமையரிசி மேல் போட்டுக்கொண்டான்.

ஆபீஸ் வாசலில் ஒரு புங்கமரம். அதன் கீழ் வண்டியை நிறுத்தி, அந்த நீல டார்ப்பாயை விரித்து மூங்கில் நட்டுப் பந்தல் போட்டான். கிளார்க் வெளியே வந்தார்.

"ஐயா கேம்ப் போயிருக்காரு."

"பரவால்லங்க. நானும் கேம்ப்தான்."

"இங்கெல்லாம் வண்டி போடக் கூடாதுய்யா. யாரு பர்மிஷன் குடுத்தது?"

"படுக்கறதுக்கு பர்மிஷன் வேணுமாங்க? மத்தியானத்துல உள்ள படுக்கறீங்களே, நீங்க யாராண்ட வாங்கினீங்க?"

வாசலில் நின்ற வாட்ச்மேன் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இருமினார்.

திங்கள், செவ்வாய், புதன் போனது. காலையில் கறுப்பு பைப்பில் குளியல். பின்கதவு மேசையில் சாமைச் சோறும் புளிக்குழம்பும். வாட்ச்மேன் எங்கள் பந்திக்கு வந்துவிட்டார். கிளார்க் ஜன்னல் வழியாக மோப்பம் பிடித்தார். செல்வி மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு காலேஜில் சேர்க்கை முடிகிறது.

"தாத்தா, வராட்டி இன்னா பண்றது?" என்று என்னைத்தான் கேட்டாள். அப்பாவைக் கேட்கவில்லை.

இதற்குள் பலகையைப் பார்த்த ஜனங்கள் ஆபீசை விட்டுவிட்டு எங்கள் வண்டியில் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சந்தவாசலிலிருந்து உறவு வீட்டுக்கு வந்த ஒருத்தர்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று நின்றார். டார்ப்பாய் எல்லோரையும் நிற்க வைத்து நம்பர் சொன்னான். எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் செல்விக்கு, கடைசி நம்பர், முப்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார். சின்ன வயசு, சட்டையெல்லாம் செம்மண். உண்மையாகவே எங்கோ அலைந்துவிட்டு வந்த முகம். பலகையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பதறிப்போனார்.

"என்ன கேம்ப் இது? எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

கிளார்க் வாயைத் திறந்தார். அதற்குள் டார்ப்பாய் முன்னால் போய்க் கும்பிட்டான்.

"உங்க கேம்ப்தாங்க. நாலு நாளா உங்களுக்காகத்தான் காத்துனு கீது. வந்து உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பின்கதவு மேசையில் மனுக்களை வைத்தோம். பேனா ஓடியது. கிளார்க் முத்திரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கிழவியின் பென்ஷன் முதல் நம்பர்.

"மாப்ள, பொண்ணு காயிதத்த மொதல்ல நீட்டுடா," என்று அவன் காதில் கடித்தேன்.

"வரிச கீது மாமா. நம்ம பொண்ணுன்னா நடுவுல பூந்துருவமா? அப்புறம் இந்த ஆபீஸ்காரனுங்களுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?"

எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஐந்து மணி. இருபத்தி ஆறாவது மனு. ஆபீசர் பேனாவை மூடினார். "மீதியைத் திங்கக்கிழமை பார்க்கலாம்."

செல்வி கீழே பார்த்தாள். அப்போது மேலே இடி இடித்தது. மலைப்பக்கமிருந்து வந்த மழை, கொட்டிக் கவிழ்த்தது. ஜீப் முப்பதடி தள்ளி நின்றது. பந்தலின் ஒரு மூங்கில் சாய்ந்தது. டார்ப்பாய் ஓடிப்போய் அந்த மூலைக்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றான். கல்யாண போட்டோவில் இருந்த அதே ஆள்தான், அதே நீலம்.

"மழ வுட்டதும் போலாங்க," என்றான், முகத்தில் தண்ணீர் வழிய. "அதுவரைக்கும் சும்மா குந்தினு இருப்பானேன்? அஞ்சாறுதான் கீது."

ஆபீசர் அவனைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். விளக்குக்கென்று வண்டியில் வைத்திருந்த பழைய டிராக்டர் பேட்டரியில் கட்டிய பல்பைப் போட்டேன். இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு. முப்பத்தொன்றாவது தாளில் முத்திரை விழுந்தபோது செல்வி அதைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு, அப்பாவிடம் ஓடி அவன் பிடித்திருந்த மூலைக்கு அடியில் தானும் நின்றுகொண்டாள்.

மழை விட்டது. ஆபீசர் எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். பலகையில் 'கேம்ப்'புக்குக் கீழே பழைய எழுத்து ஒன்று இருந்திருக்கிறது, நாங்கள் அழிக்க மறந்தது. அவரே உரக்கப் படித்தார்.

"புளி, பலாப்பழம் ஏற்றிச் செல்லப்படும்."

டார்ப்பாய் பக்கம் திரும்பினார்.

"பேரு என்னய்யா?"

"டார்ப்பாய்ங்க."

"சரிதான்," என்றார். அடுப்பைக் காட்டி, "டீ இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் விடிந்தபோது காலேஜ் கேட் முன்னால் முதல் வண்டி எங்களுடையதுதான். செல்வி பரண் ஏணியிலிருந்து இறங்கித் தலை வாரிக்கொண்டு உள்ளே போனாள். இப்போது மூன்றாவது வருஷம் படிக்கிறாள்.

டார்ப்பாய்தான் திரும்பவில்லை. திரும்பினான், நிற்கவில்லை. எந்த ஊரில் யாருடைய காகிதம் எங்கே மாட்டிக்கொண்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் பந்தல் போட்டுவிடுகிறான். பரணைக் கழற்று என்று இரண்டு தடவை வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்கிறார்கள். கழற்றுகிறான், அடுத்த வளைவில் மாட்டிக்கொள்கிறான். அவனுக்குப் போன் கிடையாது. டவரில் தேனீ இருக்கிறது, காதில் கொட்டும் என்பான். போன வாரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவன் பெண்சாதி சாமை புடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"அவரு கேம்ப் போயிருக்காரு சித்தப்பா."

இதைக் கேட்கிற உங்களில் யாராவது ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில், மரத்தடியில், பரண் வைத்த பிக்கப்பைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஸ்டெப்னிக்குப் பஞ்சர் ஒட்டி, காற்று பிடித்து, கடை வாசலிலேயே வைத்திருக்கிறேன். அவன் அது இல்லாமல் மலை ஏறி இறங்குகிறான் என்ற நினைப்பில் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை என்றும் சொல்லுங்கள்.