காக்கா வேஷமும் உள்ளர்த்தக்காரரும்

மனிதர்களில் உள்ளர்த்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களும் நானும் ஒரு சினிமாவுக்குப் போனால் பாட்டு நன்றாக இருந்ததா, கடைசியில் எல்லாரும் ஒன்று சேர்ந்தார்களா, இடைவேளையில் சமோசா சூடாகக் கிடைத்ததா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவோம். உள்ளர்த்தக்காரருக்குத் தூக்கம் வராது. படத்துக்குள் ஒளிந்திருந்த இன்னொரு படத்தை அவர் பார்த்துவிட்டு வந்திருப்பார். அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம்.

அரசியல் படங்கள் அவருக்கு ஆகாது. அரசியல் படத்தில் அரசியலைக் கண்டுபிடிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? அவருடைய வேட்டைக்காடே வேறு. குடும்பப் படம், குழந்தைகள் படம், பேசும் பஸ், பாடும் தக்காளி, தொப்பி போட்ட முயல். 'மேலோட்டமா பாத்தா இது முயல் கதை' என்று அவர் ஆரம்பித்தால், செருப்பை எங்கே விட்டோம் என்று தேடத் தொடங்கிவிடுங்கள்.

ஆம்பூரில் எங்கள் தெருவில் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் ஆதிகேசவன். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து, ஒட்டி, பளபளவென்று வந்து நிற்கும் ஷூவைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டுத் துழாவி, எங்கேயாவது நூல் பிசிறு இருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பதினெட்டு வருஷமாக, நாளுக்கு நூற்றுக்கணக்கான ஜோடிகள். இப்படிப் பழகிய கண், சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் சும்மா இருக்குமா?

ஒருநாள் கார்ட்டூனில் ஒரு கரடி தேன் கடை வைத்தது. காட்டு மிருகமெல்லாம் வரிசையில் நிற்க, கரடி பொறுக்க முடியாமல் மொத்தத் தேனையும் தானே நக்கிவிட்டு, வயிறு உப்பிப்போய் மலைச்சரிவில் உருண்டது. நான்காம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் செம்மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். ரிமோட் எழுந்தது. கரடி பாதி உருளலில் நின்றது.

"இரு இரு இரு. தேனை யாரு சேத்தாங்க?"

"தேனீ."

"படத்துல ஒரு தேனீயாவது வந்துச்சா?"

"இல்லப்பா."

"ஏன் வரல? உழைச்சவன காட்டமாட்டான். விக்கறவனத்தான் காட்டுவான். இதான் இதுக்குள்ள இருக்கற விஷயம்."

"அப்பா, கரடிய உருள உடுப்பா."

இதில் பெரிய தொல்லை என்ன தெரியுமா? அவர் சொன்னது பொய்யில்லை. பொய்யென்றால் சண்டை போட்டு வாயை அடைக்கலாம். உண்மையை என்ன செய்வது? தேனீ வரத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பப் படம். கூட்டுக் குடும்பம், இருபத்தேழு பேர், ஒரே ஊஞ்சல். ஆதிகேசவன் சோபாவில் சாய்ந்தபடி, "அந்த அம்மாவப் பாரு. படம் ஆரம்பிச்சதுலருந்து ஒரு தரமாவது உக்காந்துச்சா? வீட்டு வேலைய பாசம்னு பேர மாத்தி பொம்பளைங்க தலையில கட்டறாங்க" என்று பொருமுவார். அவர் மனைவி பூங்குழலி, வாரத்தில் ஆறு நாள் இன்னொரு கம்பெனியில் மிஷின் முன்னால் தைத்துவிட்டு ஏழாவது நாள் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருப்பவள், "காலக் கொஞ்சம் தூக்குங்க" என்பாள். அவர் தூக்குவார். இரண்டு காலையும். பேச்சு நிற்காது.

கம்பெனியில் அவருக்குப் பக்கத்து மேஜை சர்தார் பாஷா. பதினெட்டு வருஷச் சிநேகிதர். ஒருமுறை இரண்டு குடும்பமும் சேர்ந்து வேலூருக்குப் போய் ஒரு வாத்துப் படம் பார்த்தார்கள். ஏழு வாத்துக்குஞ்சுகள் ரோட்டைக் கடக்கும் காட்சி வந்தபோது, ரோடு யாருக்காகப் போடப்படுகிறது என்று ஆதிகேசவன் ஆரம்பித்தார். முன் வரிசை திரும்பிப் பார்த்தது. அதற்கு முன் வரிசையும் திரும்பிப் பார்த்தது. சர்தார் பாஷா அவர் தொடையில் தட்டினார்.

"தோஸ்த், நான் டிக்கெட்டு வாங்குனது வாத்தப் பாக்க. உன் பேச்சக் கேக்கணும்னா கேன்டீன்லயே ஓசில கேப்பேன். பேஜார் பண்ணாத."

இதெல்லாம் தெருவுக்கே வேடிக்கைதான். வேடிக்கையாக இல்லாத ஒரு விஷயத்தைப் பூங்குழலி மட்டும் கவனித்திருந்தாள். டிவியில் யாராவது வழுக்கி விழுந்தால் செம்மலர் இப்போதெல்லாம் உடனே சிரிப்பதில்லை. முதலில் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்: "இதுக்குச் சிரிக்கலாமாப்பா?"

அப்போதுதான் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது.

செம்மலர் பையைத் தூக்கியெறிந்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, நாடகத்துல நான் காக்கா!"

நாடகத்தின் பெயர் 'நிலாவைத் திருடிய காக்கா'. பிரிசில்லா டீச்சர் எழுதியது. ஒரு காக்கா வானத்திலிருந்து நிலாவைத் திருடிக்கொண்டு போய்விடும். ஏழு தேவதைகள் தேடுவார்கள். ஆதிகேசவன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தேவதைங்க யாரு யாரு?"

செம்மலர் ஏழு பெயர்களைச் சொன்னாள்.

"ஏழு பேரும் செவப்பா இருப்பாங்களா?"

குழந்தை யோசித்தது. அதுவரை அதைப் பற்றி அது யோசித்ததில்லை. "ஆமா. ஏம்பா?"

செம்மலர் நிறத்தில் அப்பாவை உரித்து வைத்தவள். நல்ல கறுப்பு. ஆதிகேசவனை ஆறாம் வகுப்பில் 'தார் டின்' என்று கூப்பிட்டார்கள். வாத்தியாரே ஒருநாள் அப்படிக் கூப்பிட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தார். அதை அவர் பூங்குழலியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. பிற்பாடு அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கரடிக்கும் வாத்துக்கும் கொதித்த மனுஷன், தன் பெண் விஷயம் என்றால் விடுவாரா? மறுநாள் அரை நாள் லீவு போட்டார்.

பிரிசில்லா டீச்சர் ஒரு தெர்மோகோல் வட்டத்தில் தங்கக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். அதுதான் நிலா. ஆதிகேசவன் உட்காரக்கூட இல்லை.

"செவப்பா இருந்தா தேவதை, கறுப்பா இருந்தா திருடனா டீச்சர்? பசங்க மனசுல இன்னா ஏத்தறீங்க?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு மேஜை மேல் இருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். முகம் மாறியது.

"யோசிச்சுப் போடல சார். ஆனா நீங்க சொன்னப்புறம் பாத்தா ஏழு பேரும் அப்படித்தான் இருக்காங்க. தப்புதான். தேவதைங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டுடறேன்."

இத்தோடு திரும்பி வந்திருந்தால் இவரைப் பற்றி நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன். ஒரு பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்திருப்பேன். ஆனால் ஜெயித்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர் உள்ளர்த்தக்காரராக இருப்பாரா?

"எம் பொண்ணுக்குக் காக்கா வேணாம். தேவதையாப் போடுங்க."

"சார், அவளே ஆசப்பட்டுத்தான்…"

"பச்சப் புள்ளைக்கு இன்னா தெரியும் டீச்சர்?"

"கதைய முழுசாச் சொல்லிடறேன், ஒரு நிமிஷம்…"

"காக்கா திருடுது. போதும்."

அன்று சாயங்காலம் அவர் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து செய்தியைச் சொன்னார். செம்மலர் இனி ஏழாவது தேவதை. ஏழாவது தேவதைக்கு ஒரு வசனம்: "ஆமாம் அக்கா, நிலாவைக் காணோம்!" காக்கா வேஷம் சர்தார் பாஷாவின் மகள் தஸ்லீமாவுக்குப் போய்விட்டது.

செம்மலர் அழவில்லை. பூங்குழலி மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்திருந்த கறுப்பு இறக்கைகளை மடித்தாள். மடித்து பீரோவுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் டிவியில் கார்ட்டூன் வந்தபோது ரிமோட்டை அப்பாவிடம் நீட்டினாள். "நீயே அர்த்தம் சொல்லிடுப்பா. நான் பாக்கல."

நான்கு நாள் இப்படியே போனது. உள்ளர்த்தக்காரருக்குப் பேச எதிரே ஒருவர் வேண்டும். ஆதிகேசவன் ஆளில்லாத சோபாவைப் பார்த்துக்கொண்டு கார்ட்டூனை ஓடவிட்டார். எங்கேயும் நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் பூங்குழலி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஏழு பேரப் பத்தி நீங்க கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். அதுல உங்கள எதுவும் சொல்லல. ஆனா இவள ஒரு வார்த்த கேட்டீங்களா? காக்கா யாருக்கு வேணும்னு டீச்சர் கேட்டப்ப பதினோரு பசங்க கை தூக்குனாங்களாம். தாவிக் காட்டி, கத்திக் காட்டி, இவ ஜெயிச்சு வாங்குன வேஷம் அது."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"காக்கா எதுக்கு நிலாவத் திருடுச்சுன்னாவது தெரியுமா?"

"எதுக்கு?"

"அவளையே கேளுங்க."

கேட்டார். செம்மலர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதோட குஞ்சுக்கு இருட்டுன்னா பயம். அதான் கூட்டுல வெக்க எடுத்துட்டுப் போச்சு. அப்புறம் ஊரெல்லாம் இருட்டாயிடும். குஞ்சே சொல்லும், நான் பயப்பட மாட்டேன், திருப்பிக் குடுத்துடும்மான்னு. காக்கா தனியாப் பறந்துபோய் மறுபடியும் மாட்டிட்டு வரும். கடைசில எல்லாரும் காக்காவுக்குத்தான் கை தட்டணும்."

ஊர்க் கதைகளுக்கெல்லாம் அடிவரை போனவர், இந்தக் கதையின் பாதிக்குக்கூடப் போகவில்லை. ஆதிகேசவன் தரையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அர்த்தம் ஏதாவது சொல்லப்போகிறார் என்று செம்மலர் காத்திருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்றார்.

மறுபடியும் அரை நாள் லீவு. மறுபடியும் பிரிசில்லா டீச்சர். ஆனால் தஸ்லீமா ஐந்து நாளாக வீட்டு மாடியில் கா கா என்று கத்திப் பழகி, அக்கம்பக்கத்துக்கே காது வலி கொடுத்திருந்தாள். அவளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

"வேணாம் டீச்சர்" என்றார் ஆதிகேசவன். "ஒரு பொண்ணு மனச ஒடச்சதே போதும். எதுக்கும் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வாசல்வரை போனவரை டீச்சர் கூப்பிட்டார். "சார், காக்கா எங்கயாவது ஒத்தையா வந்து பாத்திருக்கீங்களா?"

அப்படித்தான் நாடகத்தில் இரண்டு காக்காக்கள் வந்தன. தஸ்லீமா அம்மாக் காக்கா. செம்மலர் அப்பாக் காக்கா.

விழா அன்று மைதானம் நிறையப் பிளாஸ்டிக் நாற்காலி. முதல் வரிசையில் சிறப்பு விருந்தினர், பொன்னாடையோடு. குலுக்கலில் வந்த தேவதைகளில் ஒருத்திக்கு முன்பல் இல்லை, ஒருத்தி மற்றவர்களைவிட ஓர் அடி உயரம், கறுப்பும் மாநிறமும் சிவப்புமாக ஏழு பேர். யாருக்கும் அது வித்தியாசமாகவே தெரியவில்லை. பிறகு காக்காக்கள் வந்தன.

நிலாவைத் தூக்கும்போது செம்மலரின் இறக்கை மைக்கில் மாட்டிக்கொண்டது. நிலா கை நழுவி, மேடையிலிருந்து விழுந்து, உருண்டுபோய்ச் சிறப்பு விருந்தினரின் காலடியில் நின்றது. செம்மலர் மேடையிலிருந்து குதித்தாள். நடக்கவில்லை, தத்தித் தத்திப் போனாள். விருந்தினர் முன்னால் நின்று, கழுத்தைச் சாய்த்து, ஒரு கண்ணால் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மடியில் இருந்த பிஸ்கட் தட்டிலிருந்து ஒன்றைக் கொத்திக்கொண்டு, நிலாவையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மைதானம் அதிர்ந்தது. ஆதிகேசவன் சிரித்த சிரிப்பில் நாற்காலி கால் மண்ணில் இறங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு. சர்தார் பாஷாவுக்குக் குறும்பு.

"தோஸ்த், அப்பாக் காக்கான்னா இன்னா அர்த்தம்?"

"சும்மா இருய்யா. எம் பொண்ணு பறக்கறா."

நாடகம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். இந்தக் காக்கா உண்மையில் எதைக் குறிக்கிறது, நிலா என்பது நம் சமூகத்தில் எது என்று இருபது நிமிஷம் விளக்கினார். பத்தாவது நிமிஷத்தில் ஆதிகேசவன் நெளிந்தார். பதினைந்தாவது நிமிஷத்தில் சர்தார் பாஷாவின் காதில் முணுமுணுத்தார்.

"இன்னாய்யா இந்த ஆளு, பசங்க நாடகத்துல போயி…"

சர்தார் பாஷா அவரை ஒரு பார்வை பார்த்தார். நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை.

ஆதிகேசவன் குணமாகிவிட்டாரா என்று கேட்கிறீர்களா? எங்கே! இந்த இனத்துக்கு மருந்து கிடையாது. இப்போது வீட்டில் ஒரு சட்டம் மட்டும் வந்திருக்கிறது. போட்டது செம்மலர். படம் ஓடும்போது சிரிப்பு. முடிந்த பிறகு பத்து நிமிஷம் அப்பாவுக்கு. போன வாரம் பத்து நிமிஷம் தாண்டியும் பேச்சு நிற்கவில்லையாம். பேசியது அவரில்லை. "அப்பா, இந்தப் படத்துல பாட்டியம்மாங்க ஏன் ஒருத்தர்கூட வெளியவே போகல?" என்று அவள்தான் பிடித்துக்கொண்டாளாம்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அப்பாக் காக்கா பாசத்தில் நிலாவைத் திருடி ஊரை இருட்டாக்கியது என்று வந்ததே, அந்த இடத்தில் 'ஆ, இதற்குள் ஒன்று இருக்கிறது' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதும்போது எனக்கே தோன்றியது. ஆனால் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கும் முன், அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒருவேளை அவர் இன்னும் அந்த பிஸ்கட்டுக்காகச் சிரித்துக்கொண்டிருக்கலாம்.