ஏழு மணி உரிமை

குளியலறைக் கதவுக்கு வெளியே பத்திர எழுத்தர் தோளில் துண்டோடு நிற்க ஆரம்பித்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே மைத்துனி ஒரே பாட்டை மூன்றாவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா தாயே, இன்னொரு நாள் லேட்டானா என் நாற்காலியில வேற ஆளை உக்கார வெச்சிடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு!"

"அஞ்சே நிமிஷம் அத்தான்!"

அந்த அஞ்சு நிமிடத்தின் நீளம் அவருக்குத் தெரியும். சமையலறைக் குழாயில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடினார்.

இருபது வருடமாக ஊராருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பவர் அவர். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்களே, அது எப்படி என்பதில் அவருக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. ஊரே கட்டுப்படும்போது நாலு பேர் இருக்கிற வீடு கட்டுப்படாதா?

அன்று சாயங்காலமே எழுதி முடித்துவிட்டார். முதல் விதி: 'தரப்பினராகக் கையெழுத்திட்டவருக்கு மட்டுமே இதில் உரிமை உண்டு.' அவர் எல்லாப் பத்திரத்திலும் ஆசையாகச் சேர்க்கும் வரி அது. பிறகு நேரங்கள். மாமனாருக்கு ஆறு, மைத்துனிக்கு ஆறரை, தமக்கு ஏழு, மனைவிக்கு ஏழரை. தகராறு வந்தால் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொல்வதே தீர்ப்பு.

தம் கையெழுத்தை முதல் ஆளாகப் போட்டு நீட்டினார். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தார். மனைவி கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். தங்கையிடம் காட்டினாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் காட்டினாள்.

"ரொம்ப நியாயமா எழுதியிருக்கீங்க" என்று மனைவி கையெழுத்துப் போட்டாள். மற்ற இருவரும் மறுபேச்சில்லாமல் போட்டார்கள். சட்டத்தின் மகிமையை நினைத்து அவருக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு சாத்தியிருந்தது.

"மாமா, இது என் நேரம்!"

"வயிறு கடிகாரம் பாக்குமா மாப்ளே?"

நியாயம்தானே! 'அவசரத்துக்கு விலக்கு உண்டு' என்று ஒரு திருத்தம் எழுதினார். அடுத்த நாள் வீட்டில் எல்லோருக்கும் அவசரம். மைத்துனிக்குத் தலைமுடி அவசரம்.

"இது ஒரு அவசரமா?"

"அவசரம்னா என்னன்னு நீங்க எழுதலையே அத்தான்!"

அதுவும் நல்ல கேள்வியாகத்தான் பட்டது. அவசரமா இல்லையா என்பதை வாக்கெடுப்பில் முடிவுசெய்யலாம் என்று இன்னொரு திருத்தம். மறுநாள் மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்க, கதவுக்கு முன்னால் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு ஒன்று. அதற்கு அடுத்த நாள் தலைமுடிக்கும் மூன்றுக்கு ஒன்று.

பெரும்பான்மையாலும் பறிக்க முடியாத உரிமை என்று சில இருக்க வேண்டும், நாடுகள் சாசனம் எழுதி வைத்திருப்பது அதற்குத்தான் என்பது துண்டோடு நிற்கும்போதுதான் அவருக்குப் புரிந்தது. 'ஏழு மணி என் அடிப்படை உரிமை' என்று எழுதினார்.

"உரிமைன்னு ஒண்ணு இருந்தா கடமையும் இருக்கணும்ல?" என்றாள் மனைவி.

அதனால் தினமும் குளியலறையைக் கழுவுவது அவர் கடமை ஆயிற்று. நான்கு நாள் தேய்தேயென்று தேய்த்தார். அந்த நான்கு நாளும் ஏழு மணிக்கு உள்ளே யாராவது இருந்தார்கள். பளபளப்பாக இருக்கிறது, வெளியே வர மனசே வரவில்லை என்றார்கள்.

குளிக்காமல் ஓடி ஓடி வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவரை முதலாளி கூப்பிட்டார்.

"கையெழுத்துப் போட வர்றவங்க மூக்கைப் பிடிச்சுக்கறாங்க. நாளைக்கு நேரத்துக்கும் வரணும், குளிச்சிட்டும் வரணும். முடியலைன்னா வராதீங்க."

அன்று மாலை ஒப்பந்தத்தையும் குடும்பத்தையும் தையல்காரர் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"வழக்கு தள்ளுபடி."

"ஏன்?"

"இவங்க மூணு பேரும் 'தரப்பினர்'ங்கற இடத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க கீழ் மூலையில, 'ஆவணம் தயாரித்தவர்'ங்கற இடத்துல போட்டிருக்கீங்க. உங்க முதல் விதிப்படி உங்களுக்கு இதுல ஒரு உரிமையும் கிடையாது."

இருபது வருடப் பழக்கம். கை தானாகவே அந்த மூலைக்குப் போயிருக்கிறது. தேய்த்த நான்கு நாளும் ஞாபகம் வந்து அவருக்கு அழுகையே வரும்போல் இருந்தது.

"விடுங்க" என்று தையல்காரர் தட்டிக்கொடுத்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு எங்க வீட்டுல குளிச்சுக்குங்க. கையெழுத்தெல்லாம் வேண்டாம்."

"அது சரிங்க, இதை ஒருத்தர்கூடக் கவனிக்கலையே!"

கதவோரம் நின்ற மாமனார் அவர் பக்கம் திரும்பினார்.

"கவனிச்சதாலதான மாப்ளே, அன்னைக்கு மூணு பேரும் சண்டை போடாம கையெழுத்துப் போட்டோம்!"