இடப்பக்கம் ரப்பர், வலப்பக்கம் கம்பி

தேனி மாவட்டத்திலேயே ஏழு மில்லிமீட்டர் சந்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்த ஒரே மனிதர் எங்கள் கம்பி டாக்டர்தான். எடுப்புப் பல்லை உள்ளே தள்ள, பக்கத்துக்கு ஒரு நல்ல பல்லைப் பிடுங்குவார். அந்தச் சந்தை மூட ரப்பர் சங்கிலி நல்லதா, கையால் வளைத்த கம்பி வளையம் நல்லதா என்று அவருக்குத் தனக்குள்ளேயே ஓயாத தகராறு.

தகராறு தீர்ந்தது என் வாய்க்குள்.

"இடப்பக்கம் ரப்பர், வலப்பக்கம் கம்பி. எது முந்துதுன்னு பாப்பமாத்தா?" என்றார். வாய்க்குள் இரண்டு கருவிகள் இருக்கும்போது எவள் மறுத்துப் பேசுவாள்? எனக்குத் தையில் கல்யாணம். அதற்குள் சந்து மூட வேண்டும், மேடையில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். வேறு ஆசையே இல்லை.

மாதாமாதம் ஓடைப்பட்டியிலிருந்து பஸ் ஏறிப் போவேன். அளந்து பார்ப்பார். ரப்பர் முந்தியிருந்தால் முகம் வாடிவிடும்.

"ரப்பர் மாட்டுறது லேசு. ரெண்டு வாரத்துல தொய்ஞ்சிரும். கம்பி வளைக்கத்தான் பாடு, வளைச்சிட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்று தன்னையே தேற்றிக்கொள்வார்.

கம்பி பின்தங்கியது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. திராட்சைப் பந்தல் போடுவதில் கெட்டிக்காரர். "டாக்டரு பயந்து பயந்து இழுக்குறாக" என்றவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நீண்டிருந்த கம்பி நுனியைக் குறட்டால் இழுத்து மடக்கிவிட்டார். மறுமாதம் அந்தப் பல் முன்னால் சாய்ந்திருந்தது.

டாக்டர் கத்தவில்லை. அப்பாவை உட்காரவைத்து, "பந்தல் கம்பிய ஒரேயடியா இழுத்தா என்னாகும்?" என்றார்.

"ஓரத்துக் கல்லுத்தூணு உள்ள சாஞ்சிரும்."

"ஒங்க மக வாயிலயும் அதான் சாஞ்சிருக்கு."

அதை நிமிர்த்தவே தை வந்துவிட்டது. இடப்பக்கம் மூடியிருந்தது, வலப்பக்கம் இன்னும் சந்து. மேடையில் போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லச் சொல்ல நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அழுகைதான் வந்தது.

அப்போது டாக்டர் மேடையேறி என் பக்கத்தில் நின்றார். மாஸ்க் இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். சிரித்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு திராட்சைக் கொட்டை தாராளமாகப் போய்வரும்.

"நீங்க ஏன் டாக்டர் கம்பி போடல?" என்றேன், தாங்கமாட்டாமல்.

"போடலாம் ஆத்தா. என்னய மாதிரி வளைக்கிறவன் இன்னும் ஆப்புடலையே."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். போட்டோக்காரர் அதைப் பிடித்துவிட்டார்.

வலப்பக்கச் சந்து சித்திரையில் மூடியது. அப்பா குறுக்கே புகுந்ததால் போட்டி செல்லாது என்று டாக்டர் இன்றும் வாதாடுகிறார். கூடத்தில் அந்தப் போட்டோவுக்குப் பதில் வேறு நல்ல போட்டோவாக மாட்டலாமே என்கிறார் என் கணவர். மாட்டேன். அந்த டாக்டர் பக்கத்தில் நிற்கும்போதுதான் நான் முதன்முதலாகக் கூச்சமில்லாமல் சிரித்தேன்.