கழுத்து நிக்காத ஆட்டுக்குட்டி

உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு கேக் சுட வேணும். வேலை அவ்வளவுதான்.

எங்கட ஹவுன்ஸ்லோ கோயிலுக்கு ஒரு பிரெஞ்சுக் கிழவி வாறவ. எல்லாரும் மதாம் எண்டுதான் கூப்பிடுறது. ஊர் அல்சாஸ். அங்க ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டி மாதிரியே கேக் சுட்டு, மேல சீனித்தூள் தூவி, பூசை முடியப் பிச்சுத் தின்னுவினமாம். கோயிலுக்கு வருசா வருசம் அவதான் சுடுறது. இந்த முறை கை முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு.

"உன்னால ஏலுமா?" எண்டு என்னைக் கேட்டா.

அதுவரைக்கும் எங்கட தமிழ்ப் பெண்டுகளுக்குக் கோயிலில கிடைச்ச ஒரே பொறுப்பு, தேத்தண்ணிக் கோப்பை கழுவுறது. விடுவனே?

"ஓம், ஏலும்!"

என்ர சீவியத்தில நான் கேக் சுட்டதே இல்லை.

ஒரு பெட்டி தந்தா. உள்ள அவவின்ர அம்மா காலத்து மண் அச்சு. ரண்டு பாதி, கிளிப் போட்டுப் பூட்டுறது. கூட ஒரு சிவப்பு ரிபன். பாவம், பிள்ளைக்கும் ஏதோ வச்சிருக்கிறா எண்டு மகளின்ர தலையில கட்டிவிட்டன்.

சனிக்கிழமை ஓவனைப் பத்தவச்சன். எங்கட வீட்டில ஓவன் எண்டா அலுமாரி. தாச்சி, மூடி, அரிதட்டு எல்லாம் அதுக்குள்ளதான். எல்லாத்தையும் எடுத்திட்டன் எண்டு நினைச்சன். அடியில பிளாஸ்ரிக் தட்டு ஒண்டு கிடந்தது தெரியேல்ல. பத்து நிமிசத்தில வீடு முழுக்கப் புகை!

இவர் ஷிப்ட் முடிஞ்சு வந்து வாசலிலயே நிண்டார். "என்னப்பா, ஆட்டை உயிரோட எரிக்கிறீரோ?"

"கதையாம யன்னலைத் திறவுங்கோ!"

இனி ஓவன் சரிவராது. எனக்குத் தெரிஞ்சது அவிக்கிறது. அரிசிமா, தேங்காய்ப்பூ, நீராவி. ஆட்டுக்குட்டிப் புட்டு!

அந்தப் புகைக்குள்ள கிளிப்பைத் துலைச்சுப்போட்டன். இவற்ற சப்பாத்து லேஸைக் கழுவி அச்சைக் கட்டினன்.

"நாளைக்கு நான் எதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வாறது?"

"செருப்பு இருக்குத்தானே!"

அச்சைத் திறந்தா, சத்தியமா, தேங்காய்ப்பூ ஆட்டுமயிர் மாதிரியே நிக்குது! தலை மட்டும் அச்சுக்குள்ள நிண்டிட்டுது.

மகள் குழறி அழத் தொடங்கினாள். "அம்மா, ஆட்டைச் சாக்கொண்டிட்டீங்கள்!"

மூண்டாவது ஆட்டுக்குத்தான் தலை வந்துது. கழுத்தில நாலு பல்லுக்குச்சி குத்தி, பஸ்ஸில மடியில வச்சு, மூச்சும் விடாமக் கொண்டுபோனன்.

பூசை முடிஞ்சுது. மண்டபத்தில ஃபாதர் ஆசீர்வதிக்கத் தட்டைத் தூக்கினார்.

தலை கழண்டு, பக்கத்தில நிண்ட மதாமின்ர தேத்தண்ணிக்குள்ள 'டுபுக்' எண்டு விழுந்துது.

எனக்குக் கோப்பை கழுவுற தொட்டிதான் கண்ணுக்கு முன்னால நிண்டுது.

மதாம் கோப்பைக்குள்ள எட்டிப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா.

"ரிபன் எங்க?"

"எந்த ரிபன்?"

"எங்கட வீட்டிலயும் ஒவ்வொரு வருசமும் தலை கழருறதுதான், பிள்ளை. அதைச் சேர்த்துக் கட்டத்தானே ரிபன் தந்தனான்!"

சனம் முழுக்க என்ர மகளின்ர தலையைப் பாத்துது. அவள் ரண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு, "தரமாட்டன்!" எண்டாள்.

மதாம் ஒரு கரண்டி எடுத்து, தலையைத் தேத்தண்ணியோடயே சாப்பிட்டா. "கேக்கை விட இது நல்லாயிருக்கு!" ஃபாதர் வாழைப்பழத்தோட குழைச்சு ரண்டு தரம் சாப்பிட்டார்.

அடுத்த வருசமும் ஆடு என்ர பொறுப்புத்தான். ரிபனை மட்டும் மதாம் தானே கொண்டு வாறாவாம்.