மயங்கிக் கிடந்தவரின் குறட்டை

புதிதாக எதையாவது கற்றுக்கொண்டு வந்த மனிதனோடு ஒரே வீட்டில் வசிப்பது கஷ்டம். அவன் கையில் ஒரு சான்றிதழும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். அதன்பிறகு ஒருநாள் காய் நறுக்கும்போது என் மனைவி மல்லிகாவின் விரலில் கத்தி பட்டது. நான் முறைப்படி கையுறையைத் தேடினேன். அது கிடைப்பதற்குள் அவள் குழாயடியில் கழுவி, துணி சுற்றி, சாம்பாரையும் இறக்கிவிட்டாள்.

"இந்தக் கிளாஸை எல்லாம் எங்க பசங்களுக்கு வந்து எடுங்களேன்" என்றாள். அவள் சேலையூரில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. (வீட்டில் எடுக்காதீர்கள் என்பதுதான் அதன் பொருள் என்று இப்போது புரிகிறது.)

ஒத்துக்கொண்டேன். வகுப்புக்கு முந்தின இரவு வெகுநேரம் விழித்திருந்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, மூன்று வண்ணங்களில் அட்டைகள் தயாரித்தேன். காலை வகுப்பு பிரமாதமாக நடந்தது. மயங்கியவரைத் தோளில் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் 108. குறட்டை மாதிரி சத்தம் வந்தால் நாக்கு பின்னால் சரிந்திருக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பூட்டிய கைப்பேசியிலும் அவசர அழைப்பு மட்டும் போகும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

முன்வரிசையில் இருந்த பிரின்ஸி கையைத் தூக்கினாள்.

"சார், போன் பண்ணி, அவங்க வந்தப்புறம் ஒண்ணுமில்லன்னா திட்டுவாங்களா?"

"ஏம்மா கேக்கறே?"

"பக்கத்து வூட்டு அங்கிள் வுழுந்தப்போ எல்லாரும் பண்லாமா வேணாமான்னு பேசிக்கினே இருந்தாங்க சார். திட்டுவாங்கன்னு."

"பயந்துக்கிட்டு பண்ணாம விடறதுதான் தப்பு. நல்ல மனசோட பண்ணினா யாரும் திட்ட மாட்டாங்க. நான் கேரண்டி."

அவள் அதை அப்படியே நம்பினாள். நானும்தான்.

மதியம் செய்முறை. நான் மயங்கியவனாகப் பாயில் கிடப்பேன். குழுக் குழுவாக வந்து காப்பாற்ற வேண்டும். விளையாட்டாகக்கூட யாரும் நிஜமாக அழைத்துவிடக் கூடாது என்று என் கைப்பேசியைக் கவனமாகப் பூட்டி மேசைமேல் வைத்தேன். (கரும்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.) மல்லிகா ஏதோ எடுக்க ஆசிரியர் அறைக்குப் போனாள். தலைக்குமேல் மின்விசிறி. வயிற்றில் தயிர்சாதம். இரண்டு குழுக்கள் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. மூன்றாவது குழு வந்தது தெரியாது.

மற்றதெல்லாம் பிறகு குழந்தைகள் சொன்னது.

"டேய், சார் இன்னாடா ஓவரா ஆக்டிங் வுடறாரு" என்றானாம் அந்தக் குழுவில் இருந்த தருண்.

"ஆக்டிங்கா? கொறட்டை வருது பாரு. நாக்கு பின்னால போய்ட்ச்சு!" பிரின்ஸி தோளில் தட்டியிருக்கிறாள். "சார்! சார்!" என்று கத்தியிருக்கிறாள். பதில் இல்லை. நாலு பேர் சேர்ந்து, முக்கி முனகி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். குறட்டை கொஞ்சம் தணிந்ததாம். "பாரு, வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுத் தருண் மிஸ்ஸைக் கூப்பிட ஓடினான். பிரின்ஸி மேசைமேல் இருந்த என் கைப்பேசியை எடுத்தாள்.

"எங்க சார் மயங்கிட்டாரு. கூப்ட்டா பேசல. மூச்சு கீது, ஆனா சத்தமா கீது. வயசா? நெறைய இருக்கும். கேம்ப் ரோட்ல பரோட்டா கடை சந்து, நீலக் கலர் கேட்டு. எங்க பசங்க வெளிய நிப்பாங்க."

தருண் பள்ளி முழுக்கத் தேடிப் பிடித்ததும் மூச்சிரைக்க ஓடிவந்த மல்லிகா, வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் குறட்டையோடு குடும்பம் நடத்துகிறவள் அல்லவா?

"ஏங்க! எழுந்திருங்க!"

கண் விழித்தேன். ஒரு சின்னக் கை என் தோளைப் பிடித்திருந்தது. "பயப்படாதீங்க சார், ஆளுங்க வந்துகினு இருக்காங்க." பாடத்தை எவ்வளவு உணர்ந்து செய்கிறாள் என்று எனக்குப் பெருமை. அந்த நேரம் பார்த்து சைரன் கேட்டது. விடுவேனா?

"பார்த்தீங்களா, ஆம்புலன்ஸ் போகுது. இந்தச் சத்தம் கேட்டா நாம என்ன பண்ணணும்? ஓரமா ஒதுங்கி வழி..."

"சார்," என்றாள் பிரின்ஸி. "அது உங்களுக்குத்தான்."

ஸ்ட்ரெச்சரோடு ஓட்டுநரும் உதவியாளரும் நுழைந்தார்கள். பின்னாலேயே தலைமையாசிரியை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "என்ன விளையாட்டு இது? யார் போன் பண்ணது?"

பிரின்ஸி மெதுவாகக் கையைத் தூக்கினாள். காலையில் கேள்வி கேட்கத் தூக்கிய அதே கைதான். அவள் தலைமையாசிரியையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

கொஞ்சம் தலை சுற்றியது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மல்லிகா முன்னால் அது எடுபடாது. எழுந்து நின்றேன்.

"மேடம், இந்தப் பொண்ணு எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சா. நான் தூங்கிட்டேன். நிஜமாவே தூங்கிட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. உதவியாளர் விடாமல் என் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். "கொஞ்சம் ஏறிக் கீது சார்."

"இப்பதாங்க ஏறுச்சு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிரின்ஸி பக்கம் குனிந்து, "பெரியவங்களே அட்ரஸ் சொல்லத் தெரியாம பேஜார் பண்ணுவாங்க. நீ சொன்னது கரெக்டா இருந்துச்சு பாப்பா" என்றார்.

"அப்ப, அடுத்த வாட்டியும் பண்லாமா அண்ணா?"

"பண்ணணும். நாங்க வந்து பாத்துக்கறோம்."

தலைமையாசிரியை, இன்னும் தூக்கியபடி இருந்த அவள் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டு, "போய்த் தண்ணி குடி" என்றார். என்னிடமும் அதையே சொன்னார், வேறு குரலில்.

(அன்றைய நாட்குறிப்பில், "வகுப்பு நன்றாக நடந்தது. ஆம்புலன்ஸ் வந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.)

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கண்ணயர்ந்தால், மல்லிகா என்னை ஒருக்களித்துப் புரட்டிவிட்டு, வந்திருக்கும் உறவினர்களிடம் விளக்கம் வேறு கொடுக்கிறாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். போன வாரம் கேம்ப் ரோடு பேருந்து நிறுத்தத்தில், பெட்டியும் குடையுமாக, கூட்டத்தின் நடுவே கௌரவமாக நின்றிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் கடந்துபோனது. பின் இருக்கையில், அம்மாவின் இடுப்பைப் பிடித்தபடி பிரின்ஸி. கழுத்தைத் திருப்பி, சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"சார்! முழிச்சிக்கினு கீறீங்களா?"

"முழிச்சிட்டுதாம்மா இருக்கேன்!" என்று நானும் கத்தினேன். நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.