பாய்லர் நைனாவின் பதினோரு நிபந்தனைகள்

உலகப் பருவநிலை மாநாட்டில் இரண்டு நாள் தவறான அறையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தவன் நான். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. அட்டைப்பெட்டி ஆலைக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆளை அனுப்ப முடிவு செய்தார்கள். எங்கள் கும்மிடிப்பூண்டி ஆலை முதலாளிக்கு விமானம் என்றாலே பயம். எனவே, ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் குற்றத்துக்காக என்னை அனுப்பினார்கள். நிலக்கரியைக் கைவிடுவது பற்றித் தொழிற்சாலைக்காரர்கள் பேசும் அறையைத் தேடிப்போய், கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும் தீவு நாடுகளின் அறைக்குள் நுழைந்துவிட்டேன். அவர்கள் கைதட்டியபோது நானும் தட்டினேன். அழுதபோது கர்சீப்பை எடுத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "உங்கள் ஊரில் தண்ணீர் எதுவரை வந்துவிட்டது?" என்று பரிவோடு கேட்டார். மழைக்காலத்தில் மணவாள நகரில் என் தெருவை நினைத்துக்கொண்டு, "முழங்கால் வரை" என்றேன். பொய்யில்லை. அவர் கண்கலங்கி, தன் கழுத்தில் கிடந்த கிளிஞ்சல் மாலையை எனக்குப் போட்டுவிட்டார்.

மாலையோடு திரும்பியவனைப் பேச்சுவார்த்தை நிபுணன் என்று ஆலை நம்பியது. நானும் நம்பினேன், அதுதான் கோளாறு. என்னை பாய்லர் நைனாவிடம் அனுப்பினார்கள்.

அந்த மாநாட்டில் கோட்டு போட்டுக்கொண்டு திரிந்த அத்தனை ராஜதந்திரிகளையும் ஒரே பையில் கட்டித் தூக்கினாலும் நைனாவின் கால் செருப்புக்கு எடை வராது. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். முப்பது வருடம் நிலக்கரி பாய்லர் முன்னால் நின்றவர் என்பதால், அதைத் தவிர உலகத்தில் எந்த இடமும் அவருக்குக் குளிர்தான். மே மாதம் பகல் இரண்டு மணிக்கு, தார் ரோடு இளகும் வெயிலில், குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக கேன்டீனுக்கு வருவார். நிலக்கரித் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது கப்பல்ல வந்தது. இது நம்மூரு, கல்லு ஜாஸ்தி" என்பார். ஆய்வகம் மூன்று நாள் கழித்து அதையே சொல்லும். பாய்லரை அவர் பாய்லர் என்று சொன்னதே இல்லை. 'பெரிம்மா'தான். "பெரிம்மாவுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல, ஸ்டீம் கொறச்சுக் கேளுங்க" என்று சொல்லியனுப்புவார். உற்பத்திப் பிரிவு வாயை மூடிக்கொண்டு குறைத்துக் கேட்கும்.

அந்தப் பெரிம்மாவைத்தான் அணைக்க வேண்டும். நிலக்கரி எரித்துச் செய்த பெட்டியை இனி வாங்கமாட்டோம் என்று வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனி எழுதிவிட்டது. கூரை முழுக்கச் சூரியத் தகடு, மின்சாரத்தில் ஓடும் புது பாய்லர், ஒரு பொத்தான். நைனாவுக்கு வேலை இல்லை. கரி அள்ளும் ஆறு பெண்களுக்கும் வேலை இல்லை. ஆனால் அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். ஆலையின் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாததால் எங்கள் யோசனையிலும் இல்லை. நைனா ஒத்துழைக்காமல் பெரிம்மாவின் ஒரு வால்வைக்கூடத் திருக முடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

முதல் சுற்று பாய்லர் கொட்டகையில் நடந்தது. நான் வியர்வையில் நனைந்துகொண்டு பூமியின் வெப்பம் ஏறுவதை விளக்கினேன். நைனா ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நான் மாட்டேன்னு சொல்லல சார். டைம் குடுங்கன்றேன். பொகைய நிறுத்த நம்ம கவுருமெண்ட்டு எவ்ளோ டைம் கேட்டுக்கீது?"

"இரண்டாயிரத்து எழுபது வரைக்கும்."

"அப்ப எனக்கும் அதையே போட்டுக்கங்க."

அவருக்கு அப்போதே ஐம்பத்தேழு வயது. நான் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தடியில், "அங்க போயி நீங்க இன்னாதான் சார் பண்ணீங்க?" என்று கேட்டு, தவறான அறைக் கதையையும் என்னிடமிருந்து கறந்துவிட்டார். கரி அள்ளும் பெண்களின் தலைவி முனியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

இரண்டாவது சுற்றில் நைனா நியாயம் பேசினார். "ஜி.எம். ரூம்ல ஒரே ஆளு, ரெண்டு ஏ.சி. நான் எரிக்கிறது ஊருக்கே பொட்டி. அவரு எரிக்கிறது அவரு ஒடம்புக்கு. மொதல்ல எரிச்சுத் தீத்தவங்க நிறுத்தட்டும், அப்பால நான் நிறுத்துறேன்." மாநாட்டில் ஏழை நாடுகள் ஆண்டுக்கணக்காகத் தொண்டை வறளக் கேட்பதும் இதைத்தான். பணக்கார நாடுகள் அசைவதில்லை. எங்கள் ஜி.எம். பாவம், அசைந்தார். இரண்டு நாள் ஏ.சி. இல்லாமல் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பனியனோடு கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து டைப்பிஸ்ட் அம்மா அலறியதில் மொத்த அலுவலகமும் எழுந்து நின்றது.

மூன்றாவது சுற்றில் அட்டையின் பின்பக்கம் எழுதிய பதினோரு நிபந்தனைகளை நைனா நீட்டினார். படிக்கப் படிக்க ஜி.எம்.முக்கு மூச்சு வாங்கியது. பெரிம்மாவுக்குப் பூசணிக்காய் உடைத்துக் கடைசிப் பூஜை. அவளை நைனா கண்ணெதிரே பழைய இரும்பாக வெட்டி எடை போடக்கூடாது. புகைபோக்கி நிற்க வேண்டும், அதில் புறாக் கூடு உண்டு. புது பாய்லரும் காலை எட்டுக்குச் சங்கு ஊத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினோராவது: வரவேற்பறையில் முதலாளியின் அப்பா படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், பெரிம்மாவின் படம், மாலையோடு.

"எங்கப்பா பக்கத்துல பாய்லரா?" போனில் முதலாளி போட்ட சத்தம் வெளியே கேட்டது.

அந்தப் படத்துக்காக இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினோம். நைனா கண்ணைத் துடைத்தார். குல்லாயைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் தீவு நாடுகளை எல்லாம் துணைக்கு அழைத்துப் பேசினேன். கடைசியில் அவர் பெருமூச்சோடு, "சரி, போட்டோவ உட்டுர்றேன். மிச்சம் பத்தும் வேணும்" என்றார். தப்பித்தோம் என்று ஜி.எம். கடகடவென்று பத்துக்கும் டிக் அடித்தார். கையெழுத்தானது. என் கையை நானே குலுக்கிப் பாராட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் ஏழாவதை ஒழுங்காகப் படித்தேன். 'கரி அள்ளுற ஆறு பேரையும் கம்பெனி ரோல்ல ஏத்தணும். மேல சோலார் தகடு தொடைக்கிற வேலை அவங்களுக்கு.' எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தத் தொழிற்பேட்டைத் தூசியில் தகட்டைத் தினம் துடைக்காவிட்டால் மின்சாரமே வராது. பத்து வருடம் கேட்டும் ஒருவருக்குக்கூடக் கிடைக்காத நிரந்தர வேலை, புறாக் கூட்டுக்கும் சங்குக்கும் நடுவில் நழுவி வந்து கையெழுத்தாகியிருந்தது.

மறுபடி படித்தேன். பதினொன்றில் ஒன்றில்கூட நைனாவுக்கு வேலையோ பணமோ இல்லை.

கொட்டகைக்கு ஓடினேன். "நைனா, உங்களுக்குன்னு எதுவுமே கேக்கலையே!"

"போட்டோ கேட்டேனே சார்."

"அது கிடைக்காதுன்னு தெரியாதா?"

"தெரியும். அதுக்குத்தான கேட்டேன்." அழுக்குத் துணியால் பெரிம்மாவின் அளவுமானியைத் துடைத்தார். "எனக்கு இன்னாத்துக்கு சார் வேலை? இவ போனப்புறம் இங்க எனக்குக் குளுரும்."

கடைசிப் பூஜை நாளில், இத்தனை காலம் கரியை அள்ளிப் போட்ட கையாலேயே அவர் வால்வை மூடினார். முப்பது வருட உறுமல் அடங்கியதும் ஆலை முழுக்க ஒரு நிசப்தம். யாரும் அதற்குத் தயாராக இல்லை. நைனா இரண்டாவது ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார். பெரிம்மாவின் படம் இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கிளிஞ்சல் மாலையை அதற்குத்தான் போட்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, கூரையில் தகடு துடைத்துக்கொண்டிருந்த முனியம்மாவிடம், "அந்தப் பேச்சுவார்த்தை முழுக்க நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன், தெரியுமா?" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் கம்பெனி யூனிபாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் சார். நைனா சொல்லிச்சு. சாரு இங்கயும் வேற ரூம்லதான் குந்திக்கினு இருந்தாருன்னு."